முகம் தெரியாத ஜெர்மானியருக்கு ஓர் அஞ்சலட்டை

(நூலக வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

முன்பின் தெரியாத ஒருவருக்கு அஞ்சலட்டை எழுதுவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். எனக்குக் கிடைக்கும் முகவரிகளில் ஜெர்மனி அடிக்கடி வரும். அதனால் இன்றைக்குப் பேச்சு முழுக்க ஜெர்மனிதான்.

முதலில் முறையைச் சொல்லிவிடுகிறேன். போஸ்ட்கிராசிங் என்று ஓர் இணையத்தளத் திட்டம். 2005 ஜூலையில் பாலோ மகல்யாயிஷ் என்ற போர்ச்சுகல் நாட்டு மாணவர் தொடங்கியது. நம் பெயரையும் முகவரியையும் பதிந்துகொண்டு, அட்டை அனுப்ப வேண்டும் என்று கேட்டால், உலகத்தில் எங்கோ இருக்கும் ஓர் உறுப்பினரின் முகவரி வரும். கூடவே ஓர் அடையாள எண். அந்த எண்ணை அட்டையில் எழுதி அனுப்ப வேண்டும். போய்ச் சேர்ந்ததும் அவர் எண்ணைப் பதிவார். அப்புறம்தான் நம் முகவரி இன்னொருவர் கைக்குப் போகும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். நான் யாருக்கு எழுதினேனோ அவர் எனக்கு எழுதப்போவதில்லை. எனக்கு எழுதுகிறவருக்கு நான் எதுவுமே செய்ததில்லை. யார் எவ்வளவு வைத்தார்கள் என்று பார்த்துத் திருப்பி வைக்கும் மொய் நோட்டுக்கு இங்கே வேலை கிடையாது.

ஜெர்மானியர்களுக்கு இதில் ஈடுபாடு அதிகம். அட்டை அனுப்பும் நாடுகளின் வரிசையில் ஜெர்மனி எப்போதும் முன்னால் நிற்கும். ஓர் ஊரில் உறுப்பினர்கள் கூடிச் சந்திப்பார்கள். அந்தச் சந்திப்புக்கென்றே ஓர் அட்டை அச்சிட்டு, ஒரே அட்டையில் எல்லோருமாகக் கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள். அப்படி ஓர் அட்டை வந்தால், இடுக்கு விடாமல் இருக்கும் அந்தக் கையெழுத்துகளைப் பார்ப்பதே ஒரு சுகம்.

அட்டை எழுதப் போகிறவர்கள் முகவரி விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். அங்கே முதலில் தெருப் பெயர், அதற்குப் பிறகு கட்டட எண். அடுத்த வரியில் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு, அதன் பின் ஊர்ப் பெயர். கிழக்கு ஜெர்மனியும் மேற்கு ஜெர்மனியும் சேர்ந்த பிறகு, 1993 ஜூலை 1 முதல் இந்த ஐந்து இலக்கம் நடைமுறையில் இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தாலும் உள்ளே இருக்கும் தனி வீட்டின் எண்ணைப் பொதுவாக எழுதுவதில்லை. கீழ்த்தளத்தில் வரிசையாகத் தபால்பெட்டிகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் குடும்பப் பெயர் ஒட்டியிருக்கும். தபால்காரர் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயரில் ஓர் எழுத்தை விட்டால் அட்டை தடுமாறும். இன்னொரு சங்கதி, அவர்கள் கையால் எழுதும் 1 நம் கண்ணுக்கு 7 மாதிரி தெரியும். 7 எழுதும்போது நடுவில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அவர்களுடைய அட்டையிலிருந்து எதையாவது பார்த்து எழுதும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வந்த ஓர் அட்டையைக் கொண்டுவந்திருக்கிறேன். லூபெக் நகரத்திலிருந்து வந்தது. படத்தில் இருப்பது ஹோல்ஸ்டன்டோர் என்ற பழைய கோட்டை வாசல். செங்கல் கட்டடம், இரண்டு பருத்த கோபுரங்கள். உற்றுப் பார்த்தால் கோபுரங்கள் சாய்ந்திருப்பது தெரியும். அடியில் மண் இளகல். பின்பக்கம் தபால் தலையின் ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாக ஒரு குறியீடு இருக்கிறது பாருங்கள். 2021 முதல் ஜெர்மன் தபால் தலைகளில் இது வருகிறது. ஒவ்வொரு தபால் தலைக்கும் தனிக் குறியீடு. எழுதியவர் ஒரு மூதாட்டி. ஊரைப் பற்றி ஒரே வரி, இங்கே மர்சிபான் என்ற பாதாம் இனிப்பு பிரபலம் என்று. மீதி இடம் முழுவதும் அன்று காலை சன்னல் ஓரத்தில் பறவைகளுக்குச் சூரியகாந்தி விதை போட்டதையும், எந்தப் பறவை முதலில் வந்து எதை விரட்டியது என்பதையும் எழுதியிருக்கிறார். கோட்டை வாசலை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்துக்கொள்ளலாம். அந்தச் சன்னலை அவர் எழுதாமல் நான் எங்கே போய்ப் பார்ப்பது?

அதனால் என்ன எழுதுவது என்று திகைக்க வேண்டாம். அன்றைக்கு உங்கள் வீட்டில் நடந்ததை எழுதுங்கள், போதும்.

அஞ்சலட்டை என்பதே ஜெர்மானியர் ஒருவர் மனதில் உதித்த யோசனைதான். ஹைன்ரிஷ் ஃபொன் ஷ்டெஃபான், அன்றைய ஜெர்மானிய அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் அஞ்சல் அதிகாரி, 1865இல் கார்ல்ஸ்ரூவ நகரில் நடந்த அஞ்சல் மாநாட்டில், உறையில்லாத ஒரு தாளை அனுப்ப வழி செய்யலாம் என்று முன்வைத்தார். அது ஏற்கப்படவில்லை. வருமானம் குறையும் என்ற கவலை ஒரு பக்கம், எழுதியதை வழியில் யாரும் படித்துவிடலாமே என்ற தயக்கம் ஒரு பக்கம். 1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரியா முந்திக்கொண்டது. அடுத்த ஆண்டு ஷ்டெஃபான் அஞ்சல் துறைத் தலைமைக்கு வந்ததும் 1870 ஜூலை 1 முதல் வட ஜெர்மானியக் கூட்டமைப்பில் அட்டை நடைமுறைக்கு வந்தது. விற்பனை தொடங்கிய முதல் நாளில் பெர்லினில் மட்டும் 45,000க்கு மேல் விற்றது. அதே ஜூலையில் பிரான்சுடன் போர் மூண்டது. போர்முனையிலிருந்து சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிக் குவித்தார்கள். 1874இல் பெர்ன் நகரில் சர்வதேச அஞ்சல் உடன்பாடு உருவானதிலும் ஷ்டெஃபானுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தியாவுக்கு அஞ்சலட்டை வந்தது 1879இல், விலை காலணா.

யாரும் படிக்கலாம் என்ற அந்தத் தயக்கத்தைச் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது. பெர்லினில் ஓட்டோ ஹாம்பெல், எலிசே ஹாம்பெல் என்று ஒரு தொழிலாளித் தம்பதி இருந்தார்கள். 1940இல் எலிசேயின் சகோதரர் போரில் இறந்தார். அதன் பிறகு இருவரும் ஹிட்லரின் ஆட்சிக்கு எதிராக அட்டைகளில் கையால் எழுதி, நகரத்துக் குடியிருப்புகளின் மாடிப்படிகளில் வைத்துவிட்டு வந்தார்கள். யாராவது எடுத்துப் படித்து இன்னொருவரிடம் கொடுக்க மாட்டார்களா என்ற நம்பிக்கை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், 200க்கும் அதிகமான அட்டைகள். எடுத்தவர்களில் ஏறக்குறைய எல்லோருமே பயந்துபோய் அவற்றைக் காவல்துறையிடம் ஒப்படைத்தார்கள். அப்படிச் சேர்ந்தவை ஹிட்லரின் ரகசியக் காவல்துறையான கெஸ்டபோவின் கோப்புக்குப் போயின. 1942 இலையுதிர் காலத்தில் பிடிபட்டார்கள். 1943 ஏப்ரல் 8 அன்று பிளோட்சன்ஸே சிறையில் இருவரையும் கொன்றார்கள். தெரியாதவரை நம்பி எழுதியதற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

அதே பெர்லினில் இன்று ஒருவர் தன் பெயரையும் வீட்டு முகவரியையும் எனக்குத் தருகிறார். நான் யார், எப்படிப்பட்டவன், எதுவும் அவருக்குத் தெரியாது. நான் எழுதுவதோ உறை இல்லாத அட்டை. இங்கிருந்து அங்கே போகும்வரை எத்தனை கைகள் தொடும், எத்தனை கண்கள் படிக்கும்! படிக்கட்டுமே. அதைப் படிப்பவருக்குப் பயம் இல்லை, எழுதிய எனக்கும் பயம் இல்லை. ஒவ்வொரு முறை தபால்பெட்டியில் போடும்போதும் இது எனக்குப் பெரிய விஷயமாகத்தான் படுகிறது.

கடைசியாக ஒரு தகவல். போஸ்ட்கிராசிங்கில் சேர்ந்த ஆரம்பத்தில் ஒரே நேரத்தில் ஐந்து அட்டைகள்தான் பயணத்தில் இருக்கலாம். 60 நாளாகியும் ஒன்று போய்ச் சேரவில்லையென்றால் அதற்குப் பதிலாக வேறு முகவரி கேட்டுக்கொள்ளலாம். தாமதமாகச் சேர்ந்தாலும் ஓராண்டு வரை பதிய வழி உண்டு, ஆகவே மனம் தளர வேண்டாம்.

சரி, மேசையில் கொஞ்சம் அட்டைகளும் பேனாக்களும் வைத்திருக்கிறேன். முகவரி எழுத உதவி வேண்டுமென்றால் கூட்டம் முடிந்ததும் வாருங்கள், நான் இங்கேதான் இருப்பேன். நன்றி, வணக்கம்.