நாடக மன்றத்து மேனேஜர்

நேயர்களுக்கு வணக்கம்.

திரையில் 'தயாரிப்பு நிர்வாகி' என்ற பெயர் ஓடும்போது நம்மில் பலர் இருட்டில் இருக்கை தேடிக்கொண்டிருப்போம். காலை ஒன்பது மணி கால்ஷீட்டுக்குக் கதாநாயகன் பதினொரு மணிக்கு வந்தால், ஸ்டூடியோ வாடகையும் லைட்மேன் கூலியும் அதற்காகக் காத்திருப்பதில்லை. முகம் சுளிக்காமல் அந்த நஷ்டத்தைச் சரிக்கட்ட வேண்டியவர் அவர். அந்த நாற்காலியிலிருந்து எழுந்து வந்து படத் தயாரிப்பாளராகவும் அமைச்சராகவும் ஆனவர் ஆர்.எம்.வீரப்பன்.

புதுக்கோட்டைப் பக்கம் வல்லத்திராக்கோட்டையில் 1926-இல் பிறந்தவர். எம்.ஜி.ஆர். நாடக மன்றத்தின் நிர்வாகம் 1950-களில் அவர் கைக்கு வந்தது. கூடவே எம்.ஜி.ஆரின் படக் கம்பெனியான எம்ஜியார் பிக்சர்ஸ் பொறுப்பும். 1958-இல் வெளிவந்த 'நாடோடி மன்னன்' லேசான சோதனை அல்ல. நடிப்பு, இயக்கம், பணம் மூன்றும் எம்.ஜி.ஆருடையவை. பாதியில் பானுமதி விலக, அவர் ஏற்ற பாத்திரத்தைக் கதையில் சாகடிக்க வேண்டியதாயிற்று. பிற்பகுதி வண்ணத்தில் வேறு! படம் ஓடினால் மன்னன், ஓடாவிட்டால் நாடோடி என்று எம்.ஜி.ஆர். சொன்னதாகச் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே அன்றாடம் செலவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு வயிறு கலங்கியிருக்காதா?

பிறகு சொந்தமாக சத்யா மூவீஸ். 1964-இல் முதல் படம், 'தெய்வத்தாய்'. நாடக மேடையில் பெயரெடுத்திருந்த கே.பாலசந்தரை அதற்கு வசனம் எழுத அழைத்தார்கள். அவர் சினிமாவுக்கு வந்த வழி அதுதான்.

எனக்கு முக்கியமாகப் படுவது, எம்.ஜி.ஆரை வைத்து சத்யா மூவீஸ் எடுத்த 'காவல்காரன்'. படம் தயாரிப்பில் இருந்தபோது, 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். உயிர் பிழைத்தார், குரல் மாறிப்போயிற்று. ஏரியா வாரியாக விநியோகஸ்தர்களிடம் முன்பணம் வாங்கிப் படமெடுத்த காலம் அது. படப்பிடிப்பு நின்றாலும் வட்டி நிற்காது. வேறொருவரை வைத்துக் குரல் கொடுத்துவிடுவது சுலபமான வழி. அப்படிச் செய்யவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் படம் வந்தது. சில காட்சிகளில் பழைய கணீர்க் குரல், சிலவற்றில் தழுதழுத்த புதிய குரல். ஒலிப்பதிவுக்காரர் கண்ணுக்கு அது குறை. கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கோ, தங்கள் ஆள் பிழைத்து வந்து பேசுகிறார். படம் அமோகமாக ஓடியது. ரசிகனின் நாடியை இப்படிப் பிடித்துப் பார்க்க, டிக்கெட் வசூலை எண்ணிப் பழகிய நாடக மேனேஜருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து 'ரிக்‌ஷாக்காரன்'. எம்.ஜி.ஆருக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது அந்தப் படத்துக்குத்தான். பிறகு எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் இவரும் அமைச்சர். அங்கேயும் மேடைக்கு முன்னால் நின்றதைவிடக் காரியம் முடித்ததே அதிகம் என்பது என் கணிப்பு.

1995-இல் சத்யா மூவீஸின் 'பாட்ஷா' வெற்றி விழா. தமிழ்நாட்டில் பரவும் வெடிகுண்டுக் கலாசாரத்தைக் கண்டித்து ரஜினிகாந்த் பேசினார். மேடையில் இருந்த வீரப்பன் அப்போது ஜெயலலிதா அரசில் அமைச்சர், அந்தப் பேச்சை மறுக்காததால் பதவி போயிற்று. தான் முதல்வரிடம் பேசட்டுமா என்று கேட்டதையும், வீரப்பன் வேண்டாம் என்று மறுத்துவிட்டதையும் ரஜினிகாந்தே பின்னாளில் சொல்லியிருக்கிறார். வீரப்பன் எம்.ஜி.ஆர். கழகம் என்று தனிக்கட்சி தொடங்கினார். 2024 ஏப்ரலில் சென்னையில் காலமானார்.

வணக்கம்.