சம்பளத்தைக் காரணம் காட்டி விட்டுவிடாதீர்கள்

கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோர்களே, வணக்கம்.

அமெரிக்காவில் கல்வி உதவிப் பேச்சை எடுத்தாலே நம் வீடுகளில் ஒரு பதில் தயாராக இருக்கும்: "இரண்டு பேரும் சம்பாதிக்கிறோம், நமக்கெல்லாம் எங்கே கொடுக்கப் போகிறான்?" குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு ஃபெடரல் அரசு தரும், திருப்பிக் கட்ட வேண்டாத பெல் கிராண்டைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரிதான். ஆனால் மாநில அரசின் பணத்துக்கு அந்தந்த மாநிலம் வைத்ததுதான் சட்டம்.

ஜார்ஜியாவில் 1993 முதல் ஹோப் ஸ்காலர்ஷிப் இருக்கிறது. பணம் லாட்டரியிலிருந்து வருகிறது. (லாட்டரிச் சீட்டைத் தொடாதே என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டு, அந்தக் காசிலேயே படிக்க வைக்கலாம்!) இன்று அதற்கு வருமான வரம்பே கிடையாது. அந்த மாநிலத்தவராக இருந்து, 3.0 ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) எடுத்து, அங்கேயே கல்லூரியில் சேர வேண்டும். பள்ளி தரும் ஜிபிஏவை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆங்கிலம், கணிதம், அறிவியல் போன்ற முக்கியப் பாடங்களை மட்டும் வைத்துத் தனியாகக் கணக்குப் போடுவார்கள். உடற்பயிற்சி வகுப்பில் வாங்கிய 'ஏ' இங்கே உதவாது. கல்லூரியிலும் 3.0 குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கலிபோர்னியா மாநிலம் தரும் 'கால் கிராண்ட்' (Cal Grant) உதவி, வருமானத்தோடு சொத்தையும் பார்க்கும். விண்ணப்பிக்க வழக்கமான கடைசி நாள் மார்ச் 2. நியூயார்க்கில் ஃபாஃப்சா (FAFSA, ஃபெடரல் கல்வி உதவி விண்ணப்பம்) போட்டதோடு வேலை முடியாது, அந்த மாநிலத்தின் டாப் (TAP) உதவிக்குத் தனி விண்ணப்பம் உண்டு. இல்லினாயில் மாநில உதவிக்கு ஒதுக்கிய பணம் தீர்ந்தால் அவ்வளவுதான், தகுதி இருந்தாலும் தாமதமாகப் போனவருக்கு இல்லை.

விசா விஷயம் பலரும் குழப்பிக்கொள்வது. பெற்றோர் எச்1பி வேலை விசா, பிள்ளை இங்கே பிறந்த குடிமகள் என்றால் தாராளமாக ஃபாஃப்சா போடலாம். பெற்றோரின் விசா அதற்குத் தடையில்லை. பெற்றோரைச் சார்ந்து வரும் எச்4 விசாவில் உள்ள பிள்ளைக்கு ஃபெடரல் உதவி கிடையாது.

அப்புறம், கல்லூரியிலிருந்து வரும் உதவிக் கடிதம். மேலே கிராண்ட், நடுவில் வொர்க் ஸ்டடி, கீழே லோன், எல்லாவற்றையும் கூட்டி ஒரே மொத்தமாகப் போட்டிருக்கும் கடிதங்கள் உண்டு. சப்சிடைஸ்டு, அன்சப்சிடைஸ்டு என்றிருக்கும் இரண்டு வரியுமே கடன்தான். இரண்டாவதற்குப் படிக்கும்போதே வட்டி ஏற ஆரம்பித்துவிடும். வொர்க் ஸ்டடியோ, பிள்ளை வேலை பார்த்தால்தான் கைக்கு வரும். பேனாவை எடுத்து இவற்றை அடித்துவிட்டு மிச்சத்தைக் கூட்டுங்கள். கல்லூரிச் செலவில் அந்தத் தொகையைக் கழித்துப் பார்த்த பிறகு, எந்தக் கல்லூரி என்று பேசலாம்.