இந்திய - இலங்கை ஒப்பந்தத்தைக் கடிதத்தில இருந்து வாசிப்பம்

வணக்கம் எல்லாருக்கும். காலி முகத்திடல்ல நிக்கிறன், கடல்காத்து மைக்கில இரைஞ்சால் பொறுத்துக்கொள்ளுங்கோ. பின்னால தெரியிறது கோட்டைப் பக்கம். அங்க ஜனாதிபதி மாளிகை முன்னாலதான் 1987 யூலை 30ஆம் திகதி அணிவகுப்பு மரியாதையில ஒரு கடற்படைச் சிப்பாய் துவக்கைத் திருப்பிப் பிடிச்சு ராஜீவ் காந்திக்கு அடிச்சது. அந்தப் படத்தைக் காணாத ஆக்கள் இல்லை. ஆனா அதுக்கு முதல்நாள் கையெழுத்தான இந்திய - இலங்கை ஒப்பந்தக் கடதாசியை முழுசா வாசிச்ச ஆக்கள் எத்தினை பேர்? இண்டைக்கு அந்தக் கடதாசிதான்.

எங்கட யுத்தத்தில இந்தியாவின்ர கை எண்டு கதை தொடங்கினால் ரெண்டே பேச்சுத்தான் வரும். ஒண்டு, இந்தியா கைவிட்டிட்டுது. மற்றது, இந்தியா நாட்டைப் பிரிக்க வந்தது. தமிழர் கூடின வெள்ளவத்தையில ஒண்டு கேக்கும், சிங்களவர் கூடின நுகேகொடையில மற்றது கேக்கும். ரெண்டு பக்கமும் கடதாசியைப் பிரிச்சுப் பாக்கிறேல்ல.

கடதாசி மூண்டு பகுதி. ஒப்பந்தம் ஒண்டு, அதுக்கு ஒரு இணைப்பு, பிறகு இந்தியப் பிரதமர் ராஜீவும் இலங்கை ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவும் ஒருத்தருக்கொருத்தர் எழுதின கடிதங்கள். எல்லாரும் ஒப்பந்தத்தில தொடங்கி அதோடயே நிப்பாட்டுவினம். நீங்கள் கடைசியில இருந்து வாங்கோ.

கடிதத்தில யாழ்ப்பாணம் எண்ட பேச்சே இல்லை. திருகோணமலைத் துறைமுகத்தையோ வேற துறைமுகத்தையோ இந்தியாவின்ர நலனுக்குப் பாதகமா எந்த நாட்டுக்கும் ராணுவப் பாவனைக்குக் குடுக்கக்கூடாது. திருகோணமலைச் சீனக்குடாவில இருக்கிற எண்ணெய்க் குதங்களை இந்தியாவும் இலங்கையும் சேந்து திருத்தி நடத்தவேணும். இலங்கையில வேலை செய்யிற வெளிநாட்டு ராணுவ, உளவு ஆக்களைப் பற்றி ரெண்டு பக்கமும் பேசி ஒரு முடிவுக்கு வரவேணும். வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்களை ராணுவ, உளவு வேலைக்குப் பாவிக்கவிடக்கூடாது, அது வொய்ஸ் ஒஃப் அமெரிக்காவை மனசில வைச்சு எழுதினது. பதிலுக்கு இந்தியா, தன்ர மண்ணில இருந்து பிரிவினை கேக்கிற இலங்கையரை நாடுகடத்துவன், உங்கட படைக்குப் பயிற்சியும் தளபாடமும் தருவன் எண்டு எழுதுது. டெல்லிக்கு என்ன தேவை எண்டது இதில வெளிச்சமாக் கிடக்கு.

இப்ப 1983க்குப் போவம். தமிழருக்கு எதிரா நடந்த கறுப்பு யூலை வன்செயலுக்குப் பிறகு இந்திரா காந்தி ரெண்டு பாதையில போறா. ஒரு பாதை நரசிம்ம ராவ், ஜி. பார்த்தசாரதி எண்டு கொழும்புக்குத் தூது. மற்றப் பாதை இந்திய உளவு அமைப்பு றோ ஊடாகத் தமிழ் ஆயுத இயக்கங்களுக்குப் பயிற்சி. புலி, ரெலோ, புளொட், ஈபிஆர்எல்எஃப், ஈரோஸ் எண்டு அஞ்சு பெரிய இயக்கம் தமிழ்நாட்டில இருந்தது. ஆயுதம் போனது ஈழத்தை வாங்கிக் குடுக்க எண்டு நினைச்சால் அங்கதான் பிழை. ஜே.ஆரை மேசைக்கு இழுக்க ஒரு நெருக்குதல் தேவைப்பட்டது. தனிநாட்டுக்கு டெல்லி ஒருநாளும் ஓம் எண்டேல்ல. 1985இல பூட்டானின்ர திம்புவில நடந்த பேச்சுவார்த்தையில இயக்கங்கள் தாயகம், தேசியம், சுயநிர்ணயம், குடியுரிமை எண்டு நாலு கோட்பாட்டை வைச்சு நிண்டபோதே தெரிஞ்சிருக்கவேணும், துவக்கு குடுத்தவை நினைச்சதும் வாங்கினவை நினைச்சதும் வேறை எண்டு.

1987 மே கடைசியில யாழ்ப்பாணத்து வடமராட்சியில புலிகளுக்கு எதிரா இலங்கை ஆமியின்ர நடவடிக்கை. யூன் 3ஆம் திகதி இந்தியா வள்ளங்களில யாழ்ப்பாணத்துக்கு நிவாரணச் சாமான் அனுப்புது, இலங்கைக் கடற்படை திருப்பிவிடுது. அடுத்தநாள் அஞ்சு அன்ரனோவ் 32 விமானம், மிராஜ் 2000 சண்டை விமானங்களின்ர காவலோட வந்து மேல இருந்து போடுது. அதுக்குத்தான் பூமாலை எண்டு பேர். சிங்களத்தில இண்டைக்கும் அதைப் 'பருப்புப் போட்டது' எண்டுதான் பகிடி. ஒரு கணக்குப் பாப்பம். போட்டது சுமார் 25 தொன். 1981 கணக்கெடுப்பில யாழ் மாவட்டச் சனம் ஏழு லட்சத்துக்கு மேல. ஆளுக்கு 35 கிராம் வருது. ஒரு சுண்டுக்கு, அதான் அரிசி அளக்கிற பேணிக்கு, கிட்டவும் நிக்காது. அப்ப அது சாப்பாட்டுக்குப் போட்டதில்லை. உங்கட ஆகாயத்துக்க நாங்கள் வந்தால் உங்களால மறிக்க ஏலாது எண்டு கொழும்புக்குச் சொன்ன சேதி. எட்டுக் கிழமையில ஒப்பந்தம்.

சரி, ஒப்பந்தத்துக்கு வருவம். 2.9ஆம் பந்தியைப் பாருங்கோ. கையெழுத்து வைச்சு 48 மணித்தியாலத்தில சண்டை நிப்பாட்டவேணும், அதில இருந்து 72 மணித்தியாலத்தில ஆயுத ஒப்படைப்பு முடியவேணும், இலங்கைப் படை 1987 மே 25ஆம் திகதி இருந்த முகாமுக்குத் திரும்பவேணும். கூட்டினால் அஞ்சு நாள், ஓகஸ்ட் 3. பலாலியில ஒப்படைப்பு வைபவம் நடந்ததே ஓகஸ்ட் 5. அதுக்கு முதல்நாள் சுதுமலையில பிரபாகரன் பேசுறார், ஆயுதத்தை இந்தியாவிட்டக் குடுக்கிறம், ஆனா தனிநாடுதான் தீர்வு எண்ட நம்பிக்கை மாறேல்ல எண்டு.

இனித்தான் விசயம். ஆயுதம் குடுக்கவேண்டியவையின்ர கையெழுத்து அந்தக் கடதாசியில இல்லை. ரெண்டு அரசாங்கத்தின்ர கையெழுத்துத்தான். 2.14ஆம் பந்தியில இந்தியா இதுக்கெல்லாம் உத்தரவாதம் எண்டு எழுதிக் குடுக்குது. ஊர்க்கணக்கில சொன்னால், கடன் எடுத்தவன் கையெழுத்து வைக்கேல்ல, பிணை நிண்டவன் வைச்சிருக்கிறான். கடன் கட்டாட்டி ஆரைப் பிடிப்பினம்? செப்டெம்பர் 26 புலிகளின்ர திலீபன் உண்ணாவிரதத்தில சாகிறார். ஒக்டோபர் 5 பிடிபட்ட புலிகளில குமரப்பா, புலேந்திரன் உட்பட 12 பேர் சயனைட்டில சாகினம். ஒக்டோபர் 10 அளவில ஒப்பரேசன் பவன், அதாவது பிணை நிண்ட இந்தியாவின்ர படையே புலிகளோட சண்டைக்கு இறங்கின நடவடிக்கை. ஒப்பந்தம் கையெழுத்தாகிப் பத்துக் கிழமை. யாழ் பல்கலைக்கழக வளவில இரவு ஹெலியில இறக்கின 30 சீக்கியச் சிப்பாய்களில 29 பேர் செத்தாங்கள். புலிகள் றேடியோவை ஒட்டுக்கேட்டு முன்னமே அறிஞ்சிருந்தவை. தீபாவளியண்டு, ஒக்டோபர் 21, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ள இந்தியன் ஆமி சுட்டு வைத்தியர், தாதி, நோயாளி எண்டு செத்துக் கிடந்தினம். அமைதிப்படை எண்ட பேரை அதுக்குப் பிறகு ஆரும் நம்பேல்ல.

அந்தப் படை வந்ததே எந்தப் பந்தியால? அது இணைப்பில கிடக்கு. தேவைப்பட்டால் இலங்கை ஜனாதிபதி இந்திய அமைதிப்படையை 'அழைக்கலாம்'. இந்த ஒரு சொல்லைக் கோடு போட்டு வையுங்கோ. தெற்கில ஜேவிபி எண்ட சிங்கள இடதுசாரிக் கட்சியின்ர கிளர்ச்சிக்குத் தன்ர ஆமி வேணும் எண்டபடியால் ஜே.ஆர் அழைச்சார். 1989 யூனில, ஜே.ஆருக்குப் பிறகு ஜனாதிபதியா வந்த பிரேமதாச, அழைச்சதும் ஜனாதிபதிதான், போகச் சொல்லுறதும் ஜனாதிபதிதான், யூலை 29க்குள்ள வெளிக்கிடுங்கோ எண்டார். டெல்லியோ, நாங்கள் உத்தரவாதம் குடுத்து வந்தனாங்கள், ரெண்டு நாட்டு விசயம், தனிய நீங்கள் முடிவெடுக்கேலாது எண்டுது. ரெண்டு பேரும் தங்களுக்கு வாய்ப்பான பந்தியைத்தான் வாசிச்சவை. அதுக்கிடையில பிரேமதாச புலிகளுக்கு ஆயுதமும் குடுத்தார். கடைசிக் கப்பல் திருகோணமலையில இருந்து போனது 1990 மார்ச் 24. ஏறக்குறைய 1,200 இந்தியச் சிப்பாய்கள் செத்திச்சினம், நினைவுத்தூபி பத்தரமுல்லையில, பாராளுமன்றத்துக்குக் கிட்ட இருக்கு.

வடக்கு மாகாணத்தையும் கிழக்கு மாகாணத்தையும் ஒண்டாச் சேத்த கதையும் இப்பிடித்தான். கிழக்கில 1988 டிசெம்பர் 31க்கு முதல், சேந்திருக்கிறது வேணுமோ எண்டு சர்வசன வாக்கெடுப்பு வைக்கவேணும், ஆனா ஜனாதிபதி விரும்பினால் பின்போடலாம். ஒவ்வொரு வருசமும் பின்போட்டவை. மாகாண சபைச் சட்டத்தில, ஆயுதம் ஒப்படைச்சால்தான் இணைக்கலாம் எண்டு ஒரு நிபந்தனை. ஒப்படைக்கேல்ல, அவசரகாலச் சட்டவிதியால அந்த நிபந்தனையைத் தளர்த்தி இணைச்சவை. 2006 ஒக்டோபர் 16 உயர் நீதிமன்றம் அதே ஓட்டையைப் பிடிச்சு இணைப்பை வெட்டி விட்டுது.

1991 மேயில ஸ்ரீபெரும்புதூரில ராஜீவ் கொலை, 1992 மேயில இந்தியாவில புலிகளுக்குத் தடை. அதுக்குப் பிறகு டெல்லி தாறதைவிடத் தராததில கெட்டிக்காரர். கடைசி யுத்தத்தில தாக்குற ஆயுதம் தரமாட்டம் எண்டு நிண்டுகொண்டு ராடரும் கடல் தகவலும் குடுத்தவை. 2000இல குடுத்த சயுர கப்பல் பழைய இந்தியக் கப்பல்தான். தாக்குற சாமானுக்குக் கொழும்பு சீனாவிட்டையும் பாகிஸ்தானிட்டையும் போனது. அதைத்தானே கடிதத்தில மறிக்கப் பாத்தது? என்ர கணிப்பில டெல்லி சறுக்கின பெரிய இடம் அதுதான்.

இப்ப கடிதத்துக்குத் திரும்பிப் பாருங்கோ. சீனக்குடாவில 99 குதம், ரெண்டாம் உலகப்போர் காலத்துப் பிரிட்டிஷ் சாமான். 2003இல இந்திய எண்ணெய்க் கம்பெனி லங்கா ஐஓசி உள்ள வந்தது. 2022 ஜனவரி உடன்பாட்டில 14 அவைக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 கூட்டுக் கம்பெனிக்கு, அதில 51 வீதம் கூட்டுத்தாபனம், 49 வீதம் ஐஓசி. 35 வருசம் எடுத்தாலும் கடிதத்தின்ர அந்த வரியை டெல்லி விடாமல் பிடிச்சுக்கொண்டு நிண்டுது. ஒப்பந்தத்தால வந்த, மாகாண சபைகளை உருவாக்கின அரசியலமைப்பின்ர 13ஆம் திருத்தத்தில பொலிஸ், காணி அதிகாரம் எழுத்தில இருக்கு, எந்த மாகாணத்துக்கும் கைக்கு வரேல்ல. வடக்கு மாகாண சபைக்குத் தனியத் தேர்தல் வைச்சது 2013இல, ஆயுள் 2018 ஒக்டோபரில முடிஞ்சுது. அதுக்குப் பிறகு அலுவல் ஆளுநரின்ர கையில. ஆளுநரை நியமிக்கிறது ஜனாதிபதி.