கேமராவுக்கு ரிஃப்ராக்டர் வாங்கப் போறீங்களா? லென்ஸ் சைஸைப் பாத்து ஏமாறாதீங்க

வணக்கம்ங்க. வானத்தைப் போட்டோ எடுக்க ரிஃப்ராக்டர், அதாவது லென்ஸ் வெச்ச தொலைநோக்கி, வாங்குறவங்க முதல்ல கேக்குறது, "லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர்?" கண்ணால பாக்குறதுக்கு அது சரியான கேள்வி. கேமரா மாட்டப் போறீங்கன்னா, முதல்ல குவியத்தூரத்தை, அதாவது லென்ஸ்ல இருந்து பிம்பம் குவியுற இடம் வரைக்குமான தூரத்தை, கேளுங்க. உங்க சென்சார்ல எவ்வளவு வானம் விழும்னு முடிவு பண்றது அதுதான்.

கணக்கு சின்னது. சென்சார் அகலத்தை 57.3-ஆல பெருக்கி, குவியத்தூரத்தால வகுங்க. ஏ.பி.எஸ்-சி (பல கேமராவுல இருக்குற நடுத்தர அளவு) சென்சார் பெரும்பாலும் 23.5 மி.மீ. அகலம். 60 மி.மீ. லென்ஸ், எஃப் 6 (லென்ஸ் விட்டத்தைப் போல 6 மடங்கு), அதாவது 360 மி.மீ. குவியத்தூரம்னா 3.7 டிகிரி வானம் கிடைக்கும். ஆண்ட்ரோமீடா கேலக்ஸி கிட்டத்தட்ட 3 டிகிரி நீளம், அழகா உள்ள அடங்கிடும். அதே கேமராவை 800 மி.மீ.ல மாட்டினா 1.7 டிகிரிதான், ரெண்டு முனையும் வெட்டுப்படும். நம்ம ஊர்ல தெக்கால தாழ்வாத் தெரியுற கரீனா நெபுலாவும் (வாயு மேகம்) 2 டிகிரி இருக்கும். அதனால முதல் குழாய்க்கு 350-ல இருந்து 450 மி.மீ. வரைக்கும் போதும்னுதான் நான் சொல்வேன்.

அடுத்து கண்ணாடி. சாதாரண ரெண்டு கண்ணாடி லென்ஸான அக்ரோமேட்ல கண்ணுக்கு நட்சத்திரம் நல்லாத்தான் தெரியும். போட்டோல பாத்தா சுத்தி ஊதா வளையம். காரணம், நம்ம கண்ணு சரியா பாக்காத ஊதா ஒளியை சென்சார் பிடிச்சிடும், அந்த ஒளி அதே இடத்துல குவியாது. அதனால ஈ.டி. கண்ணாடி, அதாவது நிறம் பிரியுறதைக் குறைக்குற கண்ணாடி, கட்டாயம். அதுல எஃப்.பி.எல்-53ங்கிற வகை நல்ல கண்ணாடிதான், ஆனா அந்தப் பேரை மட்டும் நம்பாதீங்க. ஜோடி லென்ஸ் எந்தக் கண்ணாடி, எஃப் எண் என்னங்கிறதும் சேந்துதான் முடிவு. கடைக்காரர்கிட்ட கார்த்திகைக் கூட்டத்தைச் சுருக்காம எடுத்த போட்டோ கேளுங்க. நீல நட்சத்திரங்கள்ல குறை மறையாது.

இப்ப நிறைய பேரு கோட்டை விடுற இடம்: ஃப்ளாட்டனர் (வளைஞ்ச பிம்பத்தைத் தட்டையாக்குற லென்ஸ்). ரிஃப்ராக்டரோட குவியத்தளம் வளைஞ்சிருக்கும், சென்சார் தட்டை. நடுவுல நட்சத்திரம் புள்ளியா இருக்கும், மூலையில இழுபட்டிருக்கும். அதனால அந்த மாடலுக்குன்னே செஞ்ச ஃப்ளாட்டனரையும் சேத்து விலை பாருங்க. பல ஃப்ளாட்டனருக்கு, பின் விளிம்புல இருந்து சென்சார் வரைக்கும் 55 மி.மீ. இருக்கணும். கேனன் டி.எஸ்.எல்.ஆர்.னா லென்ஸ் மாட்டுற விளிம்புல இருந்து உள்ள சென்சார் வரைக்கும் 44, கேமராவை மாட்டுற டி-ரிங் வளையம் 11, கணக்கு சரியா வந்துடும். சென்சாரைக் குளிர வெக்குற கூலிங் கேமரா பலதுல உள்ள 17.5 இருக்கும். அதோட 21, 16.5 வளையம் ரெண்டையும் போட்டா 55. நடுவுல 2 மி.மீ. ஃபில்டர் போட்டீங்கன்னா, அதோட மூணுல ஒரு பங்கு, சுமார் 0.7 மி.மீ. கூட்டணும். பொதுவா, மூலை நட்சத்திரம் நடுவைப் பாத்து நீண்டிருந்தா இடைவெளி பத்தலை. நடுவைச் சுத்தி வளைஞ்சிருந்தா அதிகம். 0.5 மி.மீ. தடிமன் உள்ள மெல்லிய ஷிம் வளையம் போட்டுப் போட்டுப் பாருங்க. ஒரே ஒரு மூலை மட்டும் கெட்டிருந்தா அது இடைவெளி இல்லை, சென்சார் சாஞ்சிருக்கு.

கேமராவை முன்னபின்ன நகர்த்தி ஃபோகஸ் பண்ற ஃபோகஸர் பல்சக்கர வகையா இருக்கட்டும். க்ரேஃபோர்ட்ங்கிற இன்னொரு வகை பல்லு இல்லாம உராய்வுல நிக்குறது. ஒன்றரை கிலோ கேமரா தொங்க, உச்சி வானத்தைப் பாக்கும்போது அது மெல்ல வழுக்கலாம். இன்னொண்ணு, 360 மி.மீ. அலுமினியக் குழாய், வெப்பம் 5 டிகிரி இறங்கினா சுமார் 40 மைக்ரான் சுருங்கும். எஃப் 6-ல ஒரு பக்கத்துக்கு ஃபோகஸ் தாங்குறதே 50 மைக்ரான் அளவுதான். அதனால 2, 3 டிகிரி மாறும்போதெல்லாம் பாட்டினோவ் மாஸ்க் (லென்ஸ் முன்னாடி வெக்குற, ஃபோகஸ் சரியான்னு காட்டுற வெட்டுக்கோடு மூடி) வெச்சு மறுபடி ஃபோகஸ் பாக்கணும்.

கடைசியா எடை. சென்னையில துருவ நட்சத்திரம் 13 டிகிரி உயரத்துலதான் இருக்கு, கன்னியாகுமரியில 8. மவுண்ட்டோட (குழாயைத் தாங்கிச் சுத்துற தாங்கி) அச்சைத் துருவ நட்சத்திரத்தைப் பாத்து அவ்வளவு தாழ்த்தினா எதிர் எடைக் கம்பி, முக்காலியோட வடக்குக் காலுல இடிக்கும். குழாய் லேசா இருந்தா சின்ன எடை போதும், அதையும் கம்பியில மேல ஏத்தி வெக்கலாம். அப்பவும் இடிச்சா, மவுண்ட்டுக்கும் முக்காலிக்கும் நடுவுல ஒரு நீட்டுக் குழாய் போடுங்க.