பறித்தவர் ஒருவர், கொடுத்தவர்கள் இருவர்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 1808-ல் ஸ்பெயின் அரியணை போனபார்ட் குடும்பத்தின் கைக்குப் போனதற்கு, அந்தக் குடும்பத்தின் தலைவரான பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியனின் சூழ்ச்சியே காரணம் என்று எதிரணி நண்பர் பேசினார். ஸ்பெயின் அரண்மனையின் பதவி ஆசையே காரணம் என்கிறது எங்கள் அணி.

வட ஸ்பெயினின் பம்ப்லோனா கோட்டையைப் பற்றி நண்பர் சொன்னது உண்மைதான். பிரெஞ்சு வீரர்கள் பனியை உருட்டி எறிந்து விளையாடுவதுபோல நடித்துக் கோட்டைக்குள் புகுந்தார்கள். சரி, அந்த வீரர்களை ஸ்பெயினுக்குள் விட்டது யார்? ஸ்பெயினும் பிரான்ஸும் 1807 அக்டோபர் 27-ல் கையெழுத்திட்ட ஃபோந்தென்புளோ ஒப்பந்தம். போர்ச்சுகலைத் துண்டு போடுவதற்காகப் பிரெஞ்சுப் படைக்கு வழிவிட்டது அது. போர்ச்சுகலின் தென்பகுதி மானுவல் கோடோய்க்குத் தனிச் சிற்றரசாகக் கிடைக்கும் என்று அதிலேயே எழுதியிருந்தது. மெய்க்காவல் படை வீரராக இருந்து, அரசி மரியா லூயிசாவின் தயவில் 25 வயதில் முதலமைச்சரானவர் அவர். அதுவும் போதவில்லை, தனக்கென்று ஒரு நாடு வேண்டியிருந்தது.

இளவரசர் ஃபெர்னாண்டோ என்ன செய்தார்? அதே அக்டோபரில், தந்தைக்குத் தெரியாமல் நெப்போலியனுக்குக் கடிதம் எழுதினார். உங்கள் குடும்பத்தில் எனக்குப் பெண் கொடுங்கள், எனக்குப் பாதுகாப்புக் கொடுங்கள் என்று கேட்டார். எஸ்கோரியல் அரண்மனையில் அவருடைய அறையைச் சோதித்தபோது சதிக் காகிதங்கள் சிக்கின. மன்னர் நான்காம் கார்லோஸ் மகனைக் காவலில் வைத்தார். அப்புறம் அவரும் நெப்போலியனுக்கே கடிதம் எழுதி மகனைப் பற்றி முறையிட்டார்! ஃபெர்னாண்டோவோ கூட்டாளிகளின் பெயர்களைச் சொல்லிக்கொடுத்து மன்னிப்பு வாங்கிக்கொண்டார். தன்னை நம்பியவர்களைக் காட்டிக்கொடுத்தவர் நாட்டைக் காப்பார் என்று எப்படி எதிர்பார்ப்பது?

1808 மார்ச் 17 இரவு, அரச குடும்பம் தங்கியிருந்த அரான்ஹுவெஸில் கோடோய்க்கு எதிராகக் கலகம் வெடித்தது. கோடோயின் மாளிகை சூறையாடப்பட்டது. ஒளிந்திருந்த கோடோய் தாகம் தாங்காமல் வெளியே வந்து மாட்டிக்கொண்டார். 19-ம் தேதி கார்லோஸ் முடி துறந்தார். மகன் அரசரானார். ஆனால் மிரட்டி வாங்கிய துறவு செல்லாது என்று கார்லோஸ் யாரிடம் போய் நின்றார்? மறுபடியும் நெப்போலியனிடம்! என்னை அரசராக அங்கீகரியுங்கள் என்று ஃபெர்னாண்டோவும் அவரைத் தேடியே வடக்கே புறப்பட்டார். போகாதீர்கள் என்று வழியில் வித்தோரியா நகரில் எச்சரித்தார்கள். மக்கள் அவருடைய வண்டியில் பூட்டியிருந்த வார்களையே அறுத்தார்கள். கேட்கவில்லையே அவர்! அப்பம் பங்கிடக் குரங்கைத் தேடிப்போன பூனைகளின் கதைதான், தந்தையும் மகனும் நெப்போலியனிடம் போய்ச் சேர்ந்த பிரான்சின் பயோன் நகரில் நடந்தது. மே 6-ல் மகன் முடியைத் தந்தையிடம் திருப்பிக் கொடுத்தார். தந்தையோ முதல் நாளே அதை நெப்போலியனுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்.

அதற்கு நான்கு நாள் முன்பு, மே 2-ல், மத்ரீத் மக்கள் கடைசி இளவரசரையும் பிரான்சுக்குக் கொண்டுபோக விடமாட்டோம் என்று, கையில் கிடைத்ததைக் கொண்டு நெப்போலியனின் தளபதி முராவின் படையை எதிர்த்துச் செத்தார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது, நடுவர் அவர்களே. அந்த மக்கள் தங்கள் மன்னர் என்று கொண்டாடிய ஃபெர்னாண்டோ, நெப்போலியன் தன்னைக் காவலில் வைத்திருந்த பிரான்சின் வாலன்சே மாளிகையில் இருந்துகொண்டு நெப்போலியனின் வெற்றிகளுக்கு வாழ்த்து எழுதினார். 1810-ல் தன்னை மகனாகத் தத்தெடுத்துக்கொள்ளச் சொல்லியும் எழுதினார்.

கைதி வேறென்ன எழுதுவார் என்று நண்பர் கேட்கலாம். விடுதலையான பிறகு செய்ததைப் பாருங்கள். மன்னர் இல்லாத நாட்டில், பிரெஞ்சுப் படையின் முற்றுகைக்கு நடுவே, காதிஸ் நகரில் கூடிய பிரதிநிதிகள் 1812-ல் அரசியல் சாசனம் எழுதினார்கள். அதில் ஃபெர்னாண்டோவையே மன்னராக ஏற்றிருந்தார்கள். 1814 மே 4-ல், வலென்சியாவில் இருந்தபடி, அந்தச் சாசனத்தை அவர் ரத்து செய்தார். அதை ஆதரித்த பிரதிநிதிகளைச் சிறையில் அடைத்தார். அதே மே 4-ல், பதவி இழந்த நெப்போலியன் எல்பா தீவில் கரையிறங்கிக்கொண்டிருந்தார். அந்த ஆணைக்கும் நெப்போலியனின் சூழ்ச்சியே காரணமா என்று எதிரணி பதில் சொல்லட்டும்.