வாசகசாலைச் சுவரில் யார் படத்தை மாட்டலாம்? தொண்டியிலிருந்து வந்த கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு முதலில் எடுத்துக்கொள்வது தொண்டியிலிருந்து வந்த கேள்வி. சட்டக் கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவி எழுதியிருக்கிறார். வாசிக்கிறேன்: "ஐயா, எங்கள் ஊர் வாசகசாலையில் சட்டத் துறைப் பெரியவர்களின் படங்களை வைக்க நண்பர்கள் சேர்ந்து ஏற்பாடு செய்கிறோம். பட்டியல் போட்டால் எல்லாரும் சென்னைக்காரர்களாகவே வருகிறார்கள். நம் இராமநாதபுரம் கடற்கரைக்கும் சட்ட வரலாற்றுக்கும் தொடர்பே இல்லையா? வெள்ளைக்கார நீதிபதிகளின் படத்தை வைக்கலாமா?"

தொடர்பே இல்லையா என்று கேட்டுவிட்டீர்களே அம்மா! இந்துச் சட்டத்தைப் படிக்கிற மாணவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் இராமநாதபுரத்தை மிதிக்காமல் அந்தப் பாடத்தைக் கடக்க முடியாது. உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. 'மதுரை கலெக்டர் எதிர் முத்துராமலிங்க சேதுபதி', 1868, லண்டன் பிரிவி கவுன்சில், அதாவது அன்றைக்கு நம் வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றம். தேர்வுக்காக ஒரு வரி மனப்பாடம் செய்திருப்பீர்கள். அந்தச் சேதுபதி நம் அரண்மனைக்காரர் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கதை இதுதான். இராமநாதபுரம் ஜமீன்தார் இராமசாமி சேதுபதி ஆண் வாரிசு இல்லாமல் இறந்துபோகிறார். அவருடைய மனைவி ராணி பர்வதவர்த்தனி நாச்சியார் 1847இல் ஒரு பையனைத் தத்தெடுக்கிறார். அந்தப் பையன்தான் முத்துராமலிங்க சேதுபதி. கலெக்டர் குறுக்கே வருகிறார். கணவர் உயிரோடு இருந்தபோது 'தத்தெடுத்துக்கொள்' என்று அனுமதி கொடுத்திருக்கிறாரா? இல்லை. அப்படியானால் இந்தத் தத்து செல்லாது, வாரிசு இல்லாத ஜமீன் சர்க்காருக்குச் சேரும் என்பது அவர் வாதம். ராணியின் தரப்பு என்ன சொன்னது? கணவரின் அனுமதி இல்லாவிட்டாலும், கணவரின் பங்காளிகள் சம்மதித்தால் விதவை தத்தெடுக்கலாம், தென்னாட்டில் அப்படித்தான் நடந்துவருகிறது என்றது.

சென்னை உயர் நீதிமன்றம் 1864இல் தத்து செல்லும் என்றது. மேல்முறையீடு கப்பலேறி லண்டனுக்குப் போனது. 1868இல் சர் ஜேம்ஸ் கால்வில் பிரிவி கவுன்சிலின் தீர்ப்பை வழங்கினார். தத்து செல்லும் என்பதோடு அவர் நிறுத்தவில்லை. இந்துச் சட்ட முறையில், தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் ஏட்டில் எழுதப்பட்ட விதியை விஞ்சி நிற்கும் என்று ஒரு வாக்கியத்தையும் சொல்லிவைத்தார். கல்கத்தாவிலும் பம்பாயிலும் வக்கீல்கள் தலைமுறை தலைமுறையாக எடுத்துக்காட்டிய வாக்கியம் அது. தத்தெடுத்த பிள்ளைக்குத் தீர்ப்பு வருவதற்குள் 21 ஆண்டுகள் ஓடிவிட்டன. பிள்ளை வளர்ந்து, மணம் முடித்து, தீர்ப்பு வந்த அதே 1868இல் அவருக்கே ஒரு மகனும் பிறந்துவிட்டார். வாய்தா வாய்தா என்று இன்றைக்குச் சலித்துக்கொள்கிறவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளலாம்.

ஆகவே என்னைக் கேட்டால் உங்கள் சுவரில் முதல் இடம் ராணி பர்வதவர்த்தனி நாச்சியாருக்கு. அவர் நீதிபதியும் இல்லை, வக்கீலும் இல்லை, பிறகு எப்படி என்று உங்கள் நண்பர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். கட்சிக்காரர் பணிந்துபோயிருந்தால் அந்தத் தீர்ப்பு எழுதப்பட்டே இருக்காது. கம்பெனி ஆட்சியில் ஒரு விதவை, கலெக்டரின் பேச்சுக்கு அடங்காமல் வழக்காடியிருக்கிறார். அவர் பக்கம் நின்று ஜமீன் நிர்வாகத்தையும் வழக்கையும் கவனித்தவர் பொன்னுசாமித் தேவர். இந்தப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். 1956ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் வந்த பிறகு விதவைக்குப் பங்காளிகளின் சம்மதம் தேவைப்படவில்லை. அதனால் இந்த முன்தீர்ப்பு இப்போது வரலாறாகிவிட்டது. சுவரில் மாட்டுவதற்கு அதுவே பொருத்தம்.

இரண்டாவது, கடலுக்குள்ளேயே நடந்த வழக்கு. 1904இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் 'அன்னக்குமாரு பிள்ளை எதிர் முத்துப்பயல்' என்று ஒன்று. பாக் விரிகுடாவில் சங்கு விளையும் படுகைகளில் சங்கு எடுக்கும் உரிமை இராமநாதபுரம் ராஜாவுடையது. அவர் அதைக் குத்தகைக்கு விடுவார். குத்தகைதாரருக்குத் தெரியாமல் சிலர் முங்கிச் சங்கு எடுத்துவிட்டார்கள். இது திருட்டா? கடலடியில் கிடக்கும் சங்கு யாருடைய கைவசத்தில் இருக்கிறது? அதைவிடப் பெரிய கேள்வி, கரையிலிருந்து மூன்று மைலுக்கு அப்பால் உள்ள கடல் எந்த நாட்டுக்குச் சொந்தம்? அந்தக் காலத்துச் சர்வதேச வழக்கப்படி மூன்று மைலோடு நாட்டின் எல்லை முடிந்துவிடும். நீதிமன்றம், இந்தப் படுகைகள் நெடுங்காலமாக இந்தக் கரையின் ஆளுகையில் இருந்துவருகின்றன, ஆகவே இங்குள்ள சட்டம் அங்கும் செல்லும் என்றது. வரலாற்று உரிமையுள்ள நீர்ப்பரப்பு என்று சர்வதேசக் கடல் சட்டத்தில் பேசும்போது பாக் விரிகுடாவுக்கு இந்த வழக்கை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். எல்லை தாண்டினான் என்று நம் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போகிற கடலும் இதுதான். தொண்டியில் ஒரு வாசகசாலை இதை மாட்டாவிட்டால் வேறு எந்த ஊர் மாட்டும்? முகம் தெரியவில்லை என்றால் ஒரு வலம்புரிச் சங்கின் படம் போதும்.

இப்போது கசப்பான ஒன்று. மரியாதை செய்கிறோம் என்று இறங்கினால் இதைத் தாண்டிப் போகக் கூடாது. 1868இல் பிறந்த அந்த மகன் வேறு யாரும் அல்ல, பாஸ்கர சேதுபதி. 1897 ஜனவரியில் விவேகானந்தர் பாம்பனில் வந்து இறங்கியபோது வரவேற்றவர். அதே ஆண்டு மே மாதம் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்து வழிபட்டார்கள். கோயிலின் பரம்பரை அறங்காவலர் என்ற முறையில் சேதுபதி வழக்குத் தொடுத்தார். மதுரை நீதிமன்றத்தில் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பு. உயர் நீதிமன்றத்திலும் அப்படியே. 1908இல் பிரிவி கவுன்சிலும் அதையே சொன்னது. அதற்குள் பாஸ்கர சேதுபதி இறந்துவிட்டதால் வழக்கின் தலைப்பில் அவர் மகன் ராஜராஜேசுவர சேதுபதியின் பெயர் இருக்கிறது.

காரணம் என்ன என்று பாருங்கள். இவர்கள் உள்ளே போகாமல் இருப்பதுதான் நெடுநாளைய வழக்கம், சாட்சியங்கள் அதை நிரூபிக்கின்றன என்பதுதான். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு விதவைக்கு ஜமீனைக் காப்பாற்றிக் கொடுத்த அதே ஆயுதம். ஏடு பெரிதா வழக்கம் பெரிதா என்று கேட்டு வழக்கத்தின் பக்கம் சாய்ந்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். வழக்கமே கொடுமையாக இருந்தால் என்ன செய்வது என்பதற்கு லண்டன் கனவான்களிடம் பதில் இல்லை.

பதில் வைத்திருந்தவர் ஒரு மதுரை வக்கீல். அ. வைத்தியநாதய்யர். 1939 ஜூலை 8ஆம் தேதி ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் ஐந்து பேரையும் ஒரு நாடாரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போனார். அப்போதிருந்த சட்டப்படி அது வழக்கில் மாட்டக்கூடிய காரியம் என்பது வக்கீலான அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் போனார். அவர்களையும் கோயில் அதிகாரிகளையும் காப்பதற்கு ராஜாஜி அரசு அவசரச் சட்டம் போட்டு, அதே ஆண்டில் முழுச் சட்டமாகவும் ஆக்கியது. 1947இல் மாகாணம் முழுவதற்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. வைத்தியநாதய்யரின் நினைவாக 1999இல் இந்திய அரசு தபால் தலை வெளியிட்டிருக்கிறது. கமுதி வழக்கின் தீர்ப்பையும் இவர் படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டுங்கள். தனித்தனியாக மாட்டினால் இரண்டுமே பாதிதான் புரியும்.

சென்னைக்காரர்களை ஒதுக்கச் சொல்லவில்லை. திருவாரூர் முத்துசாமி ஐயரை எப்படி விட முடியும்? மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் கிராமக் கணக்கருக்கு உதவியாளாக இருந்தவர், சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார். அங்கே அவருக்குப் பளிங்குச் சிலை இருக்கிறது. பார்க்கப் போனால் காலைக் கவனியுங்கள், செருப்பு இருக்காது. (அந்தக் கட்டடத்தின் உச்சியில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. நம் கரைக்காரர்களுக்குச் சொன்னால் ரசிப்பார்கள்.) அவர் மறைந்த 1895இல் அவர் இடத்துக்கு வந்தவர் மதுரையில் பிறந்து மதுரையிலேயே வக்கீல் தொழிலைத் தொடங்கிய சுப்பிரமணிய ஐயர். ஹோம் ரூல் போராட்டத்தில் சர் பட்டத்தையே வேண்டாம் என்று உதறியவர். இவர்கள் இரண்டு பேரையும் பற்றி எல்லா இடத்திலும் கிடைக்கும், நீங்களே எழுதிக்கொள்வீர்கள்.

வெள்ளைக்கார நீதிபதிகள் விஷயத்துக்கு வருகிறேன். இதற்கு வ.உ.சி.யே வழிகாட்டி. அவரும் வக்கீல்தான். அவருடைய சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவர் பாண்டித்துரைத் தேவர். முன்பு சொன்ன பொன்னுசாமித் தேவரின் மகன். தகப்பன் கலெக்டரோடு மோதினார், மகன் வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியோடு மோதினார். 1908இல் திருநெல்வேலி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே, வ.உ.சி.க்கு மொத்தம் 40 ஆண்டுகள் நாடுகடத்தல் விதித்தார். மேல்முறையீட்டில் அது வெகுவாகக் குறைந்தது. 1912இல் விடுதலையாகி வந்தவருக்குச் சன்னது, அதாவது வக்கீல் தொழில் செய்யும் உரிமம், இல்லை. வக்கீலுக்குச் சன்னது போனால் சோறு போயிற்று. அவர் அரிசிக் கடை வைத்துப் பார்த்ததும் கடன்பட்டதும் எல்லாருக்கும் தெரியும். பிற்பாடு வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் தயவால் சன்னது திரும்பக் கிடைத்தது. வ.உ.சி. தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். நீதிபதிக்கு இதைவிடப் பெரிய மரியாதையை எந்த பார் அசோசியேஷனும் செய்ததில்லை. தண்டித்த பின்ஹேயும் வெள்ளைக்காரர், சன்னது தந்த வாலஸும் வெள்ளைக்காரர். வ.உ.சி. இருவரையும் ஒரே தராசில் போடவில்லை, நீங்களும் போட வேண்டாம். கால்வில், வாலஸ் இருவரையும் தாராளமாக வையுங்கள்.

ஒரு நிபந்தனை. படத்துக்குக் கீழே 'சட்ட மேதை', 'நீதியின் சிகரம்' என்றெல்லாம் எழுதாதீர்கள். நம் ஊரில் படத்திறப்பு விழா என்றால் மேடையில் பத்து பேர் பேசுவார்கள், திறக்கப்பட்டவர் எழுதிய ஒரு தீர்ப்பையாவது படித்தவர் அதில் ஒருவர் இருந்தால் அதிசயம். வழக்கின் பெயர், ஆண்டு, யார் கேட்டது, யார் எதிர்த்தது, என்ன முடிவு, தோற்றவருக்கு என்ன ஆயிற்று. இவ்வளவும் ஐந்தாறு வரியில், மீன் ஏலம் முடித்துவிட்டு வந்து உட்காருகிற ஒருவருக்குப் புரிகிற தமிழில் இருக்கட்டும். ஒரு படத்துக்கு ஒரு வழக்கு போதும். பதவியில் இருக்கிற நீதிபதிகளின் படம் வேண்டவே வேண்டாம். நாளைக்கு உங்கள் ஊர் வழக்கே அவர் முன்னால் வரலாம், அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். எழுதிய வரிகளை அச்சுக்குக் கொடுக்கும் முன் எனக்கு அனுப்புங்கள், ஆண்டுகளைச் சரிபார்த்துத் தருகிறேன்.

அடுத்த கேள்வி திருப்பாலைக்குடியிலிருந்து, பட்டா மாற்றம் பற்றி. அதைப் பார்ப்போம்.