ஜார்ஜ் டவுனை நிதானமாகப் பார்ப்பது எப்படி?

[காட்சி: பட்டர்வொர்த் படகுத்துறை. படகு கரையை விட்டு நகர்கிறது.]

மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போக இரண்டு பாலங்கள் இருக்கின்றன. தீவிலேயே விமான நிலையமும் இருக்கிறது. இருந்தாலும், அதன் தலைநகரான ஜார்ஜ் டவுனை முதன்முறையாகப் பார்க்கப் போகிறவர்கள் எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து படகில் போவதே நல்லது. கோலாலம்பூரில் மின்சார ரயில் ஏறினால் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் பட்டர்வொர்த் வந்துவிடும். நிலையத்திலிருந்து படகுத்துறைக்கு நடந்தே போகலாம். கடலைப் பார்த்தபடி வளர்ந்த துறைமுக நகரம் என்பதால், கடல் பக்கமிருந்து வருகிறவருக்கு ஊரின் அமைப்பு உடனே பிடிபடுகிறது. முன்னால் துறையும் கிடங்குகளும், அவற்றை அடுத்து வங்கிகளும் வணிக நிறுவனங்களும் வரிசையாக நிற்கும் பீச் தெரு, அதற்கும் அப்பால் மக்கள் குடியிருக்கும் குறுகிய தெருக்கள், எல்லாவற்றுக்கும் பின்னணியாக மேகம் கவிந்த பினாங்கு மலை.

இந்த ஊருக்குப் பெரும்பாலான சுற்றுலாத் திட்டங்கள் ஒரே ஒரு பகல்தான் ஒதுக்குகின்றன. காலையில் மலை, மதியம் ஒரு புத்தர் கோயில், மாலையில் ஒரு சுவரோவியத்தின் முன் புகைப்படம், இரவே கோலாலம்பூருக்குத் திரும்பும் பேருந்து. அப்படிப் போய் வந்தவர்கள், பார்ப்பதற்கு அங்கே பெரிதாக ஒன்றுமில்லை என்று சொன்னால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. வாயைப் பிளந்து பார்க்கவேண்டிய ஒற்றைப் பெரும் சின்னம் எதுவும் ஜார்ஜ் டவுனில் கிடையாது. தெருவும் கடையும் வீடும் சேர்ந்ததுதான் அங்கே காட்சி. நேரத்துக்கு நேரம் அது மாறுகிறது. ஆகவே நான்கைந்து இரவாவது, அதுவும் பழைய நகருக்குள்ளேயே, தங்கினால்தான் அந்த ஊர் கைக்கு அகப்படும்.

[காட்சி: பழைய நகரின் வரைபடம். தெருக்கள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

1786-இல் கெடா சுல்தானுடன் பேசி இந்தத் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கைக்கொண்டவர் பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேய வணிகர். சயாமின் அச்சுறுத்தலுக்கு எதிராகப் படை உதவி கிடைக்கும் என்று நம்பித்தான் சுல்தான் இடம் கொடுத்தார். கம்பெனி அந்த உதவியைக் கடைசி வரை செய்யவில்லை. தீவில் சுங்க வரி கிடையாது என்றும், காட்டை வெட்டித் திருத்தியவரே அந்த நிலத்தை வைத்துக்கொள்ளலாம் என்றும் லைட் அறிவித்ததால் சீனர்களும், சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்களும், சுமத்ராவின் ஆச்சேயரும், ஆர்மேனியரும் வந்து சேர்ந்தார்கள். அப்போது போடப்பட்ட தெருக்கள்தான் இன்றும் பழைய நகரின் எலும்புக்கூடு. லைட் தெரு, பீச் தெரு, சூலியா தெரு, அன்று பிட் தெருவாக இருந்து இன்று கப்பித்தான் கிளிங் மசூதித் தெருவாகப் பெயர் மாறியிருக்கும் அகன்ற சாலை ஆகியவை ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. 2008-இல் யுனெஸ்கோ மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்த பகுதி, அதைச் சுற்றிய காப்பு வட்டத்தையும் சேர்த்து, சுமார் 260 ஹெக்டேர்தான். கால்நடையாகவே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். கால் வலித்தால் நகருக்குள் கட்டணமின்றி ஓடும் பேருந்து ஒன்றும் இருக்கிறது.

இவ்வளவு பழைய வீடுகள் எப்படி இடிபடாமல் தப்பின என்பது கவனிக்க வேண்டிய செய்தி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1948-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உயர்த்தவிடாமல் சட்டம் கட்டுப்படுத்தியது; 1966-இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதை நீட்டித்தது. குடியிருப்பவரை எளிதில் வெளியேற்றவும் முடியாது, வாடகையும் ஏறாது என்னும்போது, வீட்டை இடித்துவிட்டு மாடமாளிகை கட்ட எந்த உரிமையாளருக்கு மனம் வரும்? போதாக்குறைக்கு 1969-இல் வரியில்லாத் துறைமுகம் என்ற தகுதியும் பறிபோய் நகரத்தின் வணிகம் மந்தமானது. பெட்டி செய்பவரும், பாய் முடைபவரும், ஊதுவத்தி உருட்டுபவரும், பூக்கட்டுபவரும் பழைய வாடகையிலேயே தங்கள் கடைகளில் தொடர்ந்தார்கள். பாரம்பரியத்தைக் காப்பாற்றும் எண்ணத்தோடு யாரும் அந்தச் சட்டத்தைப் போடவில்லை என்றாலும், இன்று நாம் பார்க்கும் பழைய நகரம் அதன் விளைவுதான். 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது, வாடகை எகிறியது, தலைமுறைகளாக இருந்த பல குடும்பங்கள் வெளியேறின. அவர்கள் விட்டுப்போன வீடுகளில் பல இப்போது காப்பிக் கடைகளாகவும் தங்கும் விடுதிகளாகவும் ஆகியிருக்கின்றன. நம்மைப் போன்ற பயணிகள் இரவு படுக்கும் அறையும் அவற்றில் ஒன்றாக இருக்கக்கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

[காட்சி: கடைவீடு ஒன்றின் உட்புறம். நடுமுற்றத்தில் வெளிச்சம் விழுகிறது.]

கடைவீடு என்பது முன்னால் கடையும், பின்னாலும் மாடியிலும் குடியிருப்புமாக அமைந்த வீடு. தெருப்பக்கம் அகலம் குறைவு. உள்ளே போகப்போக நீண்டுகொண்டே இருக்கும். வீட்டின் நடுவே கூரையில்லாமல் விடப்பட்ட முற்றம் வெயிலையும் மழையையும் உள்ளே இறக்கி, சூடான காற்றை மேலே அனுப்பிவிடுகிறது. செட்டிநாட்டு வீட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. இங்கே அளவுதான் சிறிது. வாசலில், மேல்மாடியின் அடியில், பக்கத்து வீடுகளோடு தொடர்ச்சியாகச் செல்லும் ஐந்தடி நடைபாதை இருக்கிறது. வெயிலில் காயாமலும் மழையில் நனையாமலும் தெரு முழுதும் நடப்பதற்காக ஏற்பட்ட அந்தப் பாதையில், இன்று பாதி இடத்தை மோட்டார் சைக்கிள்களும் கடைச் சாமான்களும் பிடித்துக்கொண்டிருப்பதால், நாலு கடைக்கு ஒரு முறை வெயிலில் இறங்கித்தான் ஏற வேண்டியிருக்கும்.

காலை ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை நடப்பதற்கு உரிய நேரம். கப்பித்தான் கிளிங் மசூதித் தெருவில் கடற்கரைப் பக்கமிருந்து தொடங்கினால், 1818-இல் கட்டப்பட்ட புனித ஜார்ஜ் தேவாலயமும், சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின்னுக்குரிய, ஊதுவத்திப் புகை ஓயாத கோயிலும், 1801-இல் சூலியர்களின் தலைவரான காதர் முகைதீன் நிறுவிய பள்ளிவாசலும் அடுத்தடுத்து வரும். அங்கிருந்து சில அடி தள்ளி, குவீன் தெருவில், 1833-ஐச் சேர்ந்த ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. கோயிலைச் சுற்றிய பகுதிதான் லிட்டில் இந்தியா. அதன் ஓரமாகச் செல்லும் பினாங்கு தெருவில் நகரத்தார்களின் கிட்டங்கிகள், அதாவது தங்குமிடமும் தொழிலிடமுமான வீடுகள், இருந்தன. காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் கப்பலேறி வந்து, பெட்டியடியில் உட்கார்ந்து வட்டித் தொழில் கற்றுக்கொண்ட இடம் அது. ‘ரஜூலா’ கப்பல் 1970-களின் தொடக்கம் வரை சென்னையையும் நாகப்பட்டினத்தையும் இந்தத் துறைமுகத்தோடு இணைத்துக்கொண்டிருந்தது.

உச்சி வெயிலில் தெருவில் அலைவது வீண் முயற்சி. அந்நேரத்தை வீடுகளுக்குள் செலவிடலாம். லீத் தெருவில் சியோங் பாட் சே என்னும் சீனப் பெருவணிகர் கட்டிய நீல மாளிகைக்கு 38 அறைகளும் ஐந்து முற்றங்களும் உண்டு. சுண்ணாம்பில் அவுரி நீலம் கலந்து பூசியதால் வந்த நிறம் அது. கெனன் சதுக்கத்தின் குறுகலான நுழைவாயில் வழியே போனால் கூ கொங்சி என்னும் சீனக் குலச் சங்க மண்டபம் தெரியும். கூ குலத்தார் முதலில் கட்டிய மண்டபம் 1901-இல் எரிந்துபோனது. அரண்மனையைப் போல ஆடம்பரமாகக் கட்டியதற்குத் தெய்வம் காட்டிய கோபம் என்று சொல்லி, சற்று அடக்கமாகத் திரும்பக் கட்டி 1906-இல் முடித்தார்களாம். கூரையில் நெருக்கியடிக்கும் பீங்கான் உருவங்களையும் பொன்முலாம் பூசிய மரச்செதுக்கல்களையும் பார்க்கும்போது, இது அடக்கம் என்றால் முன்னது எப்படி இருந்திருக்கும் என்ற கேள்வி எழாமல் போகாது. ஆர்மேனியன் தெருவில் 2012-இல் வரையப்பட்ட சைக்கிள் ஓட்டும் குழந்தைகளின் ஓவியத்துக்கு முன்னால் எப்போதும் வரிசை நிற்கும். நின்றே ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை.

[காட்சி: நாசி கண்டார் கடை. தட்டில் சோறு, அதன்மேல் குழம்புகள் ஒவ்வொன்றாக.]

பினாங்கு வரை போய்ச் சாப்பாட்டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தோளில் தடி தாங்கி, ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் குழம்பையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற உணவுதான் நாசி கண்டார். இன்று கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் மீன்தலைக் குழம்பு, கோழிப் பொரியல், கணவாய், முழு வெண்டைக்காய் என வரிசையாக இருக்கும். வேண்டியதைக் கைகாட்டினால், பரிமாறுகிறவர் அகப்பையைக் குழம்புக்குக் குழம்பு மாற்றி எல்லாவற்றிலும் கொஞ்சம் சோற்றின்மேல் ஊற்றுவார். அந்தக் கலவையில்தான் ருசி. ஒரே குழம்போடு நிறுத்திக்கொள்பவர் பாதியைத்தான் சாப்பிட்டார் என்று சொல்ல வேண்டும். கேம்பெல் தெருவின் ஹமீதியா உணவகம் 1907 முதல் நடந்துவருகிறது. சீனக் கடைகளின் சார் கொய் தியாவ் என்னும் அரிசி நூடுல்ஸ் வறுவல் ஒவ்வொரு தட்டாகத்தான் கடும் தீயில் வறுக்கப்படும். அதில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம் என்பதால் வேண்டாதவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். புளியும் மீனும் புதினாவும் சேர்ந்த ஆசாம் லக்சா என்னும் நூடுல்ஸ் சூப், பழகிய நாக்குக்குத்தான் முதல் வாயிலேயே பிடிக்கும். சைவர்களுக்கு லிட்டில் இந்தியாவில் குறையொன்றுமில்லை.

நிதானமாகத் தங்குவதன் பயன் சாப்பாட்டில்தான் நன்றாகத் தெரியும். காலையில் ஒருவர் கடை போட்ட அதே இடத்தில் மாலையில் வேறொருவர் அடுப்பு வைத்திருப்பார். ஒவ்வொரு கடைக்கும் வாரத்தில் ஒவ்வொரு நாள் விடுமுறை. சரக்கு தீர்ந்தால் அன்றைய வியாபாரம் முடிந்தது. ஒரே பகலில் வந்து போகிறவருக்கு எது திறந்திருக்கிறதோ அதுதான் வாய்க்கும்.

மாலையில் வெல்ட் கீ கரையோரம் போனால், கடலுக்குள் மரத்தூண்கள் நட்டு எழுப்பிய குலத்துறைக் குடியிருப்புகளைப் பார்க்கலாம். சியூ, லிம், டான் என ஒவ்வொரு துறையும் ஒரு குலப்பெயரைத் தாங்கியிருக்கிறது. பெரியது சியூ துறை. பலகைப் பாதையின் இருமருங்கிலும் மக்கள் குடியிருக்கும் வீடுகள்தான் என்பதால், குரலைத் தாழ்த்தி, வாசலுக்குள் எட்டிப் பார்க்காமல், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவது மரியாதை.

[காட்சி: மலை ரயில் மரங்களினூடே ஏறுகிறது.]

மலைக்கு ஒரு தனி நாள் வேண்டும். 833 மீட்டர் உயரமுள்ள பினாங்கு மலைக்கு 1920-களில் தொடங்கிய கம்பிவட ரயில், 2011-இல் புதுப்பிக்கப்படும் வரை பாதி வழியில் வண்டி மாறி அரை மணி நேரம் ஏறியது. இப்போது சில நிமிடங்களில் மேலே சேர்த்துவிடுகிறது. வேலைநாளில், அதிகாலையில் போனால் கூட்டமும் குறைவு, நீரிணையும் பாலமும் மேகத்தில் மறைவதற்குள் தெரிந்துவிடும். உச்சியில் முருகன் கோயிலும் பள்ளிவாசலும் அருகருகே இருக்கின்றன. திரும்பும் வழியில் ஆயர் ஈத்தாமில் கெக் லோக் சி என்னும் புத்தர் கோயில். அதன் ஏழடுக்குக் கோபுரம் அடியில் சீனப் பாணி, நடுவில் தாய்லாந்துப் பாணி, முடியில் பர்மியப் பாணி.

இன்னொரு காலையைத் தண்ணீர்மலைக்கும், அருகிலுள்ள 1884-ஆம் ஆண்டின் தாவரவியல் பூங்காவுக்கும் கொடுக்கலாம். மலைமேல் பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். அடிவாரத்தில் நகரத்தார் கோயில். பூங்காவில் குரங்குகள் உண்டு. கையில் தின்பண்டத்தோடு நுழைய வேண்டாம்.

செப்டம்பரிலும் அக்டோபரிலும் மழை அதிகம். ஜனவரியும் பிப்ரவரியும் ஒப்பீட்டளவில் உலர்ந்த மாதங்கள். சீனப் புத்தாண்டும் தைப்பூசமும் இந்தக் காலத்திலேயே வருவதால் அறைகளை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். தைப்பூசத்துக்காகவே போகிறவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நகரத்தார்களின் வெள்ளி ரதம் பினாங்கு தெருக் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் புறப்படுவதும், வழியெங்கும் தேங்காய்கள் மலையாகக் குவிக்கப்பட்டு உடைக்கப்படுவதும் பூசத்துக்கு முந்தைய நாள். பூசத்தன்று வந்து இறங்குகிறவருக்குக் காவடிகள் கிடைக்கும், அந்த ஊர்வலம் கிடைக்காது.